டால்ஃபின் கோப்பு மேலாளர்: எண்ணும் அலகும் ஒத்துப்போகின்றனவா?

கோப்பு மேலாளர் மென்பொருளை மதிப்பிடுபவர்கள் வழக்கமாக அதன் வேகம், தோற்றம், தேடல் வசதி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் திரையில் நாம் மிக அதிகமாகப் படிக்கும் தகவல் கோப்பின் அளவுதான் என்றாலும், அது சரியான அலகுக் குறியீட்டோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. லினக்ஸில் இயங்கும் கேடிஇ பணிச்சூழலின் கோப்பு மேலாளரான டால்ஃபினை இந்த ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன். ஒப்பீட்டுக்காக விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர், ஆப்பிள் கணினியின் ஃபைண்டர், க்னோம் பணிச்சூழலின் ஃபைல்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டேன். ஒரே 1 டெராபைட் ஹார்டு டிஸ்கை நான்கிலும் இணைத்து, ஒவ்வொன்றும் அதைப் பற்றி என்ன எழுதுகிறது என்று பார்த்தேன்.

மதிப்பீட்டுக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் மிகவும் எளியது. ஒரு மென்பொருள் ஆயிரத்தால் வகுத்துக் காட்டலாம், அல்லது 1024 ஆல் வகுத்துக் காட்டலாம்; இரண்டிலும் தவறில்லை. ஆனால் எந்த எண்ணால் வகுத்ததோ அதற்குரிய அலகைத்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.

1024 எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியின் நினைவகச் சில்லுகள் இரண்டின் அடுக்குகளில் முகவரி பெறுகின்றன. இரண்டின் பத்தாம் அடுக்கு 1024. அது ஆயிரத்துக்கு மிக அருகில் இருந்ததால், அந்தக் காலப் பொறியாளர்கள் கிலோ என்ற மெட்ரிக் முன்னொட்டையே அதற்கும் கடன் வாங்கினார்கள். கிலோபைட் அளவில் இந்த வேறுபாடு வெறும் 2.4 சதவீதம் என்பதால் அன்றைக்கு அது யாரையும் உறுத்தவில்லை. மெகாவில் அது 4.9 சதவீதமாகவும், ஜிகாவில் 7.4 சதவீதமாகவும், டெராவில் ஏறத்தாழ 10 சதவீதமாகவும் வளர்ந்துவிட்டது. வட்டிக்கு வட்டி ஏறுவதைப் போல ஒவ்வொரு படியிலும் இந்தப் பிழை பெருகுகிறது.

இதற்குத் தீர்வாகப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரில் இரண்டின் அடுக்குகளுக்கென்றே தனி முன்னொட்டுகளை ஏற்றுக்கொண்டது. 1024 பைட் என்பது கிபிபைட். அதன் 1024 மடங்கு மெபிபைட். அடுத்தவை ஜிபிபைட், டெபிபைட். குறியீட்டில் இரண்டு பெரிய எழுத்துகளுக்கு நடுவில் ஒரு சிறிய ‘ஐ’ வரும். இந்தக் கட்டுரையில் ஆயிரத்தின் அடுக்கில் வரும் ஜிகாபைட், டெராபைட்டை ஜிபி, டிபி என்றும், 1024 இன் அடுக்கில் வருவதை ஜிஐபி, டிஐபி என்றும் எழுதுகிறேன். இதன்படி 1 ஜிபி என்பது நூறு கோடி பைட். 1 ஜிஐபி என்பது 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்.

எழுத்தின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் இங்கே வெறும் அழகு சார்ந்தவை அல்ல. ஆயிரத்தைக் குறிக்கும் கிலோவுக்குச் சிறிய ‘கே’ எழுத வேண்டும். பெரிய ‘கே’ வெப்பநிலை அலகான கெல்வினுக்கு உரியது. கிபிபைட்டுக்கு மட்டும் பெரிய ‘கே’ வரும். பெரிய ‘பி’ பைட்டைக் குறிக்கும். சிறிய ‘பி’ பிட்டைக் குறிக்கும். இரண்டுக்கும் நடுவில் எட்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

இனி ஹார்டு டிஸ்கைப் பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் 1 டெராபைட் டிஸ்குகள் பெரும்பாலும் 1,000,204,886,016 பைட் கொண்டவை. அதாவது ஒரு லட்சம் கோடி பைட்டும் அதற்கு மேல் ஏறத்தாழ இருபது கோடியும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1 டிபி என்பது முழு உண்மை. இதே டிஸ்கை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் 931 ஜிபி என்று வருகிறது. எக்ஸ்ப்ளோரர் மொத்த பைட்டை 1024 ஆல் மூன்று முறை வகுத்திருக்கிறது. விடையான 931 சரியான விடைதான். ஆனால் அதற்குரிய அலகு ஜிஐபி. அந்தச் சிறிய ‘ஐ’ விடுபட்டதால், சரியான கணக்கு தவறான வாக்கியமாகிவிட்டது.

இந்த ஒரு எழுத்து இல்லாததால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. மீதி 69 ஜிபி எங்கே போனது என்று கேட்டால், ஃபார்மட் செய்யும்போது கொஞ்சம் இடம் போய்விடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். கோப்பு முறைமை தன் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் இடம் இதனோடு ஒப்பிட்டால் அற்பமானது; உண்மையில் ஒரு பைட்டும் எங்கும் போகவில்லை. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை சென்றது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2006 இலும் சீகேட் நிறுவனம் 2007 இலும் இத்தகைய வழக்குகளைச் சமரசத்தில் முடித்துக்கொண்டன. சான்டிஸ்க் மீதான இதேபோன்ற வழக்கை 2020 இல் கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று அந்தப் பொருளின் உறையிலேயே எழுதப்பட்டிருந்தது. வட்டு தயாரிப்பவர்கள் அலகைச் சரியாக எழுதியும் அவர்கள் மீது வழக்கு வந்ததற்குக் காரணம், வாங்கியவர்களின் கணினித் திரையில் அலகு தவறாக இருந்ததுதான் என்பது என் உறுதியான கருத்து.

டால்ஃபின் இதே டிஸ்கை 931.5 ஜிஐபி என்று காட்டுகிறது. எக்ஸ்ப்ளோரர் செய்த அதே வகுத்தல்தான். ஆனால் அலகு சரியாக இருக்கிறது. படிப்பவருக்கு அந்த ‘ஐ’ புரியாமல் இருக்கலாம்; ஆனால் ஏதோ வேறு அலகு என்றாவது தெரியும். தெரிந்துகொள்ள விரும்புபவர் தேடிப் படிக்க அது ஒரு பிடி கொடுக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் 931 ஜிபி அத்தகைய பிடி எதையும் கொடுப்பதில்லை. அது பெட்டியில் உள்ள அதே அலகைச் சொல்லி வேறு எண்ணைக் காட்டுவதால், படிப்பவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டால்ஃபினில் இந்த ஒழுங்கு ஓரிடத்தோடு நின்றுவிடவில்லை. சாளரத்தின் அடியில் உள்ள நிலைப்பட்டையில் தேர்ந்தெடுத்த கோப்புகளின் கூட்டுத்தொகை, வட்டில் மீதமுள்ள இடம், விவரப் பட்டியலின் அளவு நெடுவரிசை என எல்லா இடங்களிலும் கேஐபி, எம்ஐபி, ஜிஐபி என்றே எழுதப்படுகிறது. கோப்பின் பண்புகள் சாளரத்தைத் திறந்தால், சுருக்கிய அளவுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் மொத்த பைட் எண்ணிக்கையும் முழுமையாக வருகிறது. சந்தேகம் வந்தால் கணக்குப் போட்டுச் சரிபார்க்க இதைவிட நல்ல வசதி வேறு வேண்டாம். அளவை எழுதும் வேலையை கேடிஇ மென்பொருள்களுக்குப் பொதுவான நிரல் நூலகம் ஒன்றே ஏற்றுக்கொள்வதால்தான் இந்தச் சீர்மை கிடைக்கிறது. ஒவ்வொரு நிரலரும் தன் இஷ்டத்துக்கு வகுத்து எழுதினால் இது சாத்தியமாகாது.

அந்த நூலகத்தில் மூன்று எழுத்து முறைகள் இருக்கின்றன. முதலாவது 1024 ஆல் வகுத்து ஜிஐபி என்று எழுதும் முறை. இயல்பாக வருவது இதுதான். இரண்டாவது 1024 ஆல் வகுத்து ஜிபி என்று எழுதும் பழைய முறை. நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. மூன்றாவது ஆயிரத்தால் வகுத்து ஜிபி என்று எழுதும் மெட்ரிக் முறை. கேடிஇ நான்காம் தலைமுறையில் அமைப்புகளின் வட்டார வழக்குப் பகுதியிலேயே இவற்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இப்போதும் கேடிஇகுளோபல்ஸ் என்ற அமைப்புக் கோப்பில், லொக்கேல் என்ற பிரிவின் கீழ், பைனரி யூனிட் டயலெக்ட் என்ற வரிக்கு 2 என்ற மதிப்பைக் கொடுத்தால், டால்ஃபின் மெட்ரிக் முறைக்கு மாறி, ஹார்டு டிஸ்கைப் பெட்டியில் உள்ளபடியே காட்டுகிறது. பயனருக்குத் தேர்வைக் கொடுத்து, இயல்பு நிலையில் நேர்மையானதை வைத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் இரண்டாவது முறையை இன்னும் தேர்வாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜெடெக் அந்த வழக்கத்தைப் பதிவு செய்தது நினைவகச் சில்லுகளுக்காக. கோப்புகளுக்கும் வட்டுகளுக்கும் அதை நீட்டிப்பதற்குக் காரணமே இல்லை.

டால்ஃபின் மீது எனக்கு இருக்கும் பெரிய குறை அலகில் இல்லை, தசமத்தில் இருக்கிறது. எந்த அளவானாலும் அது புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கத்தைத்தான் காட்டுகிறது. எம்ஐபி, ஜிஐபி வரை இது போதும். ஆனால் 2 டெராபைட் வட்டை இணைத்தால் 1.8 டிஐபி என்று வருகிறது. டிஐபியில் பத்தில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 110 ஜிபி. காலியிடம் 1.1 டிஐபி என்று காட்டப்படும் வட்டில் நூறு ஜிபி அளவுள்ள காணொளித் தொகுப்பை நகலெடுத்து முடித்தபின், அந்த எண் 1.0 ஆக மாறினாலும் மாறலாம், 1.1 ஆகவே நின்றாலும் நிற்கலாம். அலகில் இவ்வளவு கவனம் செலுத்திய மென்பொருள், டெராவுக்கு மேல் இரண்டு இலக்கங்களையாவது காட்டியிருக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரர் இந்த ஒன்றில் மேலானது. எந்த அலகானாலும் மூன்று இலக்கங்களைக் காட்டுவதால் அதே வட்டை 1.81 என்று எழுதுகிறது, தவறான அலகோடு என்றாலும்.

க்னோமின் ஃபைல்ஸ் எதிர்த்திசையில் சென்று அதே நேர்மையை அடைந்திருக்கிறது. அது ஆயிரத்தால் வகுக்கிறது, 1.0 டிபி என்று எழுதுகிறது. கிலோவுக்குச் சிறிய ‘கே’ வைக்கும் அளவுக்குக் கவனமாக இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 2010 வாக்கில் வகுத்துக்கொண்ட அலகுக் கொள்கையும் இதே வழியில் செல்கிறது: வட்டுக்கும் இணைய வேகத்துக்கும் ஆயிரத்தின் அடுக்கு, நினைவகத்துக்கு 1024 இன் அடுக்கு. பெட்டியைப் பார்த்து வட்டு வாங்கும் சாதாரணப் பயனருக்கு ஃபைல்ஸின் வழிதான் டால்ஃபினின் வழியைவிட உகந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஃபைண்டர் 2009 இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து ஆயிரத்துக்கு மாறியது. வட்டை 1 டிபி என்றே காட்டுகிறது. கிலோவுக்குப் பெரிய ‘கே’ எழுதுவது மட்டும் அதன் சிறு பிழை. ஆனால் அதே கணினியில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து கோப்புப் பட்டியலைக் கேட்டால், அங்கே 1024 ஆல் வகுத்த எண்கள் வருகின்றன. ஒரே கோப்புக்கு ஒரே கணினியில் இரண்டு அளவுகள் தெரிகின்றன. ஆண்ட்ராய்டும் எட்டாம் பதிப்பிலிருந்து ஆயிரத்துக்கு மாறிவிட்டதால், இன்று பெரிய அமைப்புகளில் பழைய வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது விண்டோஸ் மட்டுமே என்று சொல்லலாம்.

இந்த வேறுபாடு அன்றாட வேலையில் எங்கே இடிக்கும் என்பதற்கு 32 ஜிபி பென் டிரைவ் நல்ல உதாரணம். அதில் ஏறத்தாழ 3,200 கோடி பைட் இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் 30 ஜிபி என்று தெரியும் கோப்புறையின் உண்மையான அளவு 3,221 கோடி பைட்டுக்கு மேல். முப்பது முப்பத்திரண்டுக்குள் அடங்கும் என்று நம்பி நகலெடுக்கத் தொடங்குபவருக்கு, கடைசிக் கோப்பில் இடம் போதவில்லை என்ற செய்திதான் கிடைக்கும். டால்ஃபினில் கோப்புறை 30.0 ஜிஐபி என்றும், பென் டிரைவ் 29.8 ஜிஐபி என்றும் தெரியும். நகலெடுப்பதற்கு முன்பே முடிவு புரிந்துவிடும்.

ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையான வரம்பு 4,294,967,295 பைட்; அதாவது 4 ஜிஐபிக்கு ஒரு பைட் குறைவு. ஃபைண்டரிலோ ஃபைல்ஸிலோ 4.2 ஜிபி என்று தெரியும் திரைப்படக் கோப்பு அந்தப் பென் டிரைவில் தாராளமாக ஏறும். எக்ஸ்ப்ளோரரில் 4.2 ஜிபி என்று தெரியும் கோப்பு ஏறாது. இரண்டு திரைகளிலும் எழுத்து மாறாமல் ஒரே சொல். கோப்புகளோ முப்பது கோடி பைட் வித்தியாசம் கொண்டவை. இந்த இடத்தில் டால்ஃபினின் 1024 வழிதான் தெளிவானது, ஏனெனில் வரம்பே 4 ஜிஐபியில் அமைந்திருக்கிறது.

வரைகலைச் சாளரத்தை விட்டு முனையத்துக்குள் சென்றால், குறியீடுகள் இன்னும் சிதறிக் கிடக்கின்றன. லினக்ஸில் வட்டின் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளைக்குச் சிறிய ‘எச்’ கொடுத்தால் 1024, பெரிய ‘எச்’ கொடுத்தால் 1000. ஆனால் இரண்டு வெளியீட்டிலும் வெறும் ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்துதான் நிற்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கருவகம் தரும் மெம்இன்ஃபோ என்ற நினைவகப் பட்டியல் சிறிய ‘கே’ போட்டு எழுதுகிறது. உள்ளே இருப்பதோ 1024 பைட் கணக்கு. இவற்றுக்கு நடுவில் டிடி கட்டளை ஒரு முன்மாதிரியாக விளங்குகிறது. ஒரு ஜிபிபைட் தரவை நகலெடுத்து முடித்ததும் அது 1073741824 பைட் என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1.1 ஜிபி, 1.0 ஜிஐபி என்று இரண்டையும் தருகிறது. முழு எண்ணும் இரண்டு அலகுகளும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. டால்ஃபினின் பண்புகள் சாளரம் இந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டால், பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிட முடியவில்லை என்ற குறையும் தீர்ந்துவிடும்.

வெளியீட்டில் வரும் பிழை குழப்பத்தோடு முடிந்துவிடும்; உள்ளீட்டில் வரும் பிழை சேவையகத்தையே நிறுத்திவிடக்கூடும். சேவையகங்களில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபர்னெடிஸில் நினைவக அளவைக் குறிக்கும்போது பெரிய ‘எம்’ போட்டால் பத்து லட்சம். ‘எம்ஐ’ போட்டால் மெபி. சிறிய ‘எம்’ போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 400 என்ற எண்ணுக்குப் பின்னால் சிறிய ‘எம்’ எழுதியவர் கேட்டிருப்பது அரை பைட்டுக்கும் குறைவான நினைவகம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் கிலோவுக்குச் சிறிய ‘கே’ மட்டுமே வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தாலும், பெருக்குவது 1024 ஆல்தான். ஆனால் அதை ஆவணத்தில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. வட்டைப் பிரிக்கும் பார்ட்டெட் கருவி எம்பி என்று கொடுத்தால் ஏறக்குறைய அந்த இடத்தைத் தேடுகிறது. எம்ஐபி என்று கொடுத்தால் சரியாக அதே இடத்தில் பிரிக்கிறது. இத்தகைய கருவிகளோடு நாள் முழுவதும் புழங்குபவர்களுக்கு, கோப்பு மேலாளரும் அதே ஒழுங்கைக் கடைப்பிடித்தால் கண் பழகிவிடும். டால்ஃபினை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணைய வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்பது நொடிக்குப் பத்து கோடி பிட், அதாவது 12.5 மெகாபைட், 1024 கணக்கில் சொன்னால் 11.9 மெபிபைட். டால்ஃபின் வழியாக வலையமைப்பில் உள்ள வேறொரு கணினியிலிருந்து கோப்பை இழுக்கும்போது, அறிவிப்பில் எம்ஐபி என்று அலகு தெளிவாக இருப்பதால், வேகம் குறைகிறதோ என்ற ஐயம் எழுவதில்லை.

அலகுக் குறியீட்டின் சரித்தன்மையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால், டால்ஃபினையும் ஃபைல்ஸையும் சமமாக முதலிடத்தில் வைப்பேன். ஃபைண்டருக்கு அடுத்த இடம். எக்ஸ்ப்ளோரருக்குக் கடைசி இடம். வட்டுகளைப் பிரிப்பவர்கள், மெய்நிகர் கணினிகளை இயக்குபவர்கள், நினைவக அளவோடு கோப்பின் அளவை ஒப்பிட வேண்டியவர்கள் ஆகியோர் டால்ஃபினை இயல்பு நிலையிலேயே பயன்படுத்தலாம். படங்களையும் காணொளிகளையும் சேமித்து, பெட்டியின் எண்ணைப் பார்த்து வட்டு வாங்குபவர்கள் மேலே சொன்ன அமைப்பு வரியை மெட்ரிக் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஃபைல்ஸையே வைத்துக்கொள்ளலாம். விண்டோஸை விட முடியாதவர்கள் கோப்பின் பண்புகள் சாளரத்தைத் திறந்து, அங்கே முழுமையாக எழுதப்பட்டிருக்கும் பைட் எண்ணிக்கையை மட்டும் நம்புவது நல்லது. எக்ஸ்ப்ளோரர் அலகுப் பிழையில்லாமல் அளவைச் சொல்லும் இடம் அதுதான்.